மூன்றாம் சிலிண்டரும் ஓடிய பாதையும்

அடுத்த மாதத்திலிருந்து நான் கராஜுக்கு வரமாட்டேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போதனாசிரியராக நியமனம் கிடைத்திருக்கிறது. முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி தொழில் அனுபவம் எழுத உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் ஸ்பானரைக் கீழே வைக்கிற எவரும் ஓய்வு பெறுகிறவர்தான் என்று, சென்ற வருடம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகள் இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"அந்தத் தண்ணிக்க விழுந்த ஜீப்புட கதைய எழுதி வெச்சிட்டுப் போங்கக்கா. றிஸ்வான் நானா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரிச் சொல்றார். மறுகா நாங்க ஆரட்டப் போய்க் கேக்கிற?"

எங்களோடு வேலை செய்யும் றிஸ்வான் சொன்னால் அந்த ஜீப்பின் கூரையில் முதலை ஏறியிருக்கும். ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். அப்பா செட்டிபாளையத்தில் வாவிக்குள் வலை போடுகிறவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத நான்தான் பழக்கினேன். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவை எடுத்தபோது, "அது என்ன படிப்பு மனே?" என்று அப்பா கேட்டார். எங்கள் பக்கத்தில் மகளும் 'மனே'தான். என்ஜின் படிப்பு என்றேன். "அப்ப நம்மட தோணிக்கு ஒரு என்ஜின் பூட்டலாம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஆலோசனை. பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பயிலுநர் காலம், பரீட்சை, மறுபடியும் பரீட்சை. அந்த வருடங்களில் படித்தது ஏராளம். ஆனால் அவற்றைச் சொல்லத் தொடங்கினால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

மட்டக்களப்பு நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கும் கராஜில் வேலைக்குப் போன முதல்நாள், அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். பொறுப்பாக இருந்தவர் மேர்வின் பாஸ். வேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம்: மேசன் பாஸ், தச்சுப் பாஸ், மெக்கானிக் பாஸ். அது ஒல்லாந்தர் காலத்துச் சொல்லாம். மேர்வின் பாஸ் பறங்கியர், அந்தக் காலத்தில் வந்த ஐரோப்பியர் வழியில் பிறந்தவர். "சொல்லையும் விட்டுட்டுப் போயிட்டானுகள், என்னையும் விட்டுட்டுப் போயிட்டானுகள்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. வேலை முடித்து இயங்கவிட்ட என்ஜினின் மேல்மூடியில் தன் பிளேன்டீக் கிளாசை வைப்பார். தேநீர் எப்படி ஆடுகிறது என்று குனிந்து பார்ப்பார். ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் தெரிந்தால் கிளாசை எடுத்துக் குடிப்பார். அதுதான் தேர்ச்சிச் சான்றிதழ். மற்றது சாவி. கராஜுக்குள் வந்த வாகனத்தின் சாவி அவருடைய சட்டைப் பொக்கற்றில் இருக்கும்வரை அந்த வாகனம் வாசலைத் தாண்டாது. சொந்தக்காரர் அமைச்சராக இருந்தாலும் சரி, அவருடைய சொந்த மைத்துனராக இருந்தாலும் சரி. மைத்துனர் ஒருமுறை இரண்டு நாள் பஸ்ஸில் போனார்.

ஏதாவது பிழை என்று சொன்னால் அவர் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். "காட்டு" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் முதல் வருடம் பயந்தேன். பிறகு அதற்காகவே காத்திருந்தேன்.

எங்களிடம் அதிகம் வருவது சின்ன ஜீப்புகள். அந்தச் சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நான்கு சில்லும் கொஞ்சம் உயரமும் இருந்தால் அது ஜீப். உண்மையில் இப்போது வருகிறவை உயரச் செருப்புப் போட்ட கார்கள். முன்மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று சிலிண்டர் பெற்றோல் என்ஜின் ஒன்று இருக்கும். கொள்ளளவு ஒரு லீற்றர் அளவுதான், பெரிய சோடாப் போத்தல் ஒன்றில் அடங்கும் காற்று. உடல் முழுவதும் அலுமினியம். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அது ஐந்து பேரையும் அவர்களுடைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்கு ஏறுகிறது என்றால், அதை வடிவமைத்தவர்களுக்கு நான் இன்றைக்கும் மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்கிறேன்.

பலம் வருவது டேர்போவால். வெளியே போகும் சூட்டுப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் சக்கரம் புதுக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். வீணாய்ப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்குகிற புத்தி அது. அந்த அச்சு மிதந்து சுழல்வது ஒயில் படலத்தில். அதே ஒயில்தான் வால்வுகளை இயக்கும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிறது, வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்துகிறது, பிஸ்டனின் அடிவயிற்றில் பீச்சியடித்துச் சூட்டை எடுக்கிறது. இத்தனை வேலையும் தலைமயிர் நுழையாத ஓட்டைகள் வழியாக நடக்கிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது வந்து, "நம்மட வெயிலுக்குத் தடிச்ச ஒயிலா விடுங்க பிள்ள" என்று கேட்பார். கைநூலில் சொன்ன மெல்லிய ஒயில்தான், அதுவும் சொன்ன தவணைக்குக் கொஞ்சம் முன்னரே மாற்றவேண்டும் என்று நான் விளங்கப்படுத்துவேன். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற வாகனத்தில் என்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலில் கலந்து நிற்கும். நெடுந்தூரம் ஓடும் வாகனத்தைவிட வீட்டோடு நிற்கும் வாகனத்துக்குத்தான் ஒயில் சீக்கிரம் கெடும் என்பதை யாரும் முதலில் நம்புவதில்லை.

கைநூலை நான் எப்போதும் விரித்து வைத்திருப்பதால், மின்வேலை பார்க்கும் காத்தான்குடி றிஸ்வான் எனக்கு "டீச்சர்" என்று பெயர் வைத்தான். இப்போது நியமனக் கடிதம் வந்த பிறகு, அந்தப் பட்டத்தை முதலில் தந்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

எந்தக் கைநூலிலும் எழுதாத பராமரிப்பும் எங்கள் ஊரில் உண்டு. வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், அறுவடை முடிந்தால் எலிகளுக்கு வீடு தேவைப்படும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வந்த வாகனம் ஒன்றின் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தபோது, வைக்கோலும் நெல்லும் பஞ்சும் வைத்து ஒரு பிரசவ அறையே கட்டியிருந்தார்கள். "வண்டி இழுக்குதில்ல" என்று சொன்ன கமக்காரர், "என்ட நெல்லத் திண்டு என்ட வண்டிக்குள்ளயே குடியிருக்குதுகளே" என்று தலையில் கைவைத்தார். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் இன்னொன்று. ஆரையம்பதியிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவரின் ரேடியேற்றர் உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"என்ன தண்ணி விட்டீங்க அண்ணன்?"

"நம்மட கிணத்துத் தண்ணிதான்கா. குடிக்கிற தண்ணி."

"குடிச்சா உவர்க்குமா?"

"கொஞ்சம் உவர்க்கும். நாங்க பழகிட்டம்."

அடியில் படுத்திருந்த றிஸ்வான் வெளியே தலையை நீட்டினான். "நீங்க பழகிட்டீங்க அண்ணன். ரேடியேற்றர் இன்னும் பழகல்ல."

இவையெல்லாம் சில்லறை வேலைகள். நான் சொல்ல வந்தது கார்த்திகை மழையில் வந்த ஒரு வாகனத்தைப் பற்றி.

அதை லொறி ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தது. இறக்கியபோது கதவிடுக்குகளால் தண்ணீர் வடிந்தது. லொறியின் முன் இருக்கையிலிருந்து இறங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கேதீஸ் என்ற அவர் வவுனியாக்காரர், களுவாஞ்சிகுடிக்கு வேலை மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான். மனைவி துளசி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போகவேண்டும். மறுநாள் காலையில் வவுனியாவுக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். போகமுதல் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வோம் என்று வெளிக்கிட்டிருக்கிறார்கள். கோயில் வாவிக்கு மேற்குக் கரையில். பாலத்தால் போகும் வழியை விட்டுக் கைபேசி வரைபடம் குறுக்குவழி என்று ஒரு கோட்டைக் காட்ட, அதன்படி வாவிக்கரைத் துறைக்கு வந்துவிட்டார்கள்.

"துறையடியில ஒரு தேத்தண்ணிக் கடை" என்று கேதீஸ் சொன்னார். "அங்க இருந்த அண்ணையிட்டை, இதால அங்கால போகலாமோ எண்டு கேட்டன். 'ஓம் மனே, பாதை ஓடுது, நேரா விடுங்க' எண்டார். நேரா விட்டன்."

றிஸ்வான் சட்டென்று எழுந்து கராஜின் பின்பக்கம் போனான். அங்கிருந்து அவன் இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

மேர்வின் பாஸின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "தம்பி, இஞ்ச பாதை எண்டா வீதி இல்ல. ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவ. அது ஓடுது எண்டுதான் அவர் சொல்லியிருக்கார். நேரா விட்டுட்டு, கரையில நில்லுங்க, வந்து ஏத்தும் எண்டு."

கேதீஸ் பிடரியைச் சொறிந்தார். "பாதை எப்பிடி ஓடும் எண்டு நானும் யோசிச்சனான் அண்ணை. மழை நேரம், றோட்டுக்கு மேலால தண்ணி ஓடுது எண்டு சொல்லுறார் ஆக்கும், ஜீப்தானே, போகும் எண்டு நினைச்சிட்டன்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் துளசி. "தண்ணிக்கு அங்கால றோட்டையே காணேல்லை எண்டு. கேட்டால்தானே."

துறையின் சரிவுப் பாதை மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெள்ளம் ஏறிய வீதிபோலத்தான் இருக்கும். மிதவை அப்போது மறுகரையில் நின்றிருக்கிறது. கரையில் நின்றவர்கள் கத்தியும், வாகனத்தின் மூக்கு தண்ணீருக்குள் போய் என்ஜின் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கித் துளசியைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்து, வாகனத்தை உழவு இயந்திரம் கட்டி இழுத்திருக்கிறார்கள்.

மேர்வின் பாஸ் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "தண்ணிக்குள்ள நிண்டாப் பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"ஒருக்கா" என்றார் கேதீஸ்.

துளசி கணவரைப் பார்த்தார்.

"ரெண்டு மூண்டு தரம்."

பாஸ் சாவியை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டார்.

அந்தக் கேள்வியின் காரணத்தைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வாகனங்கள் மூச்சு இழுக்கும் மூக்கு முன் விளக்கின் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. மேலே ஏறி வரும் பிஸ்டனுக்கு அது கல்மாதிரி. பிஸ்டனைத் தாங்கும் ரொட் கையில் பிடித்தால் கனமான உருக்குத்துண்டு. அதுவும் வளையும். ஆகவே தண்ணீரில் நின்ற என்ஜினை யாரும் மறுபடி ஸ்டார்ட் பண்ணக்கூடாது. சாவியைத் திருப்பும் ஆசையைக் கையைக் கட்டி அடக்கவேண்டும்.

வேலையை பாஸ் என்னிடம் தந்தார். முதலில் பற்றரித் தொடுப்பைக் கழற்றினேன். காற்று வடிகட்டி நனைந்த கடதாசிக் கூழாக வந்தது. டேர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள குழாய்களை இறக்கி ஊற்றினேன். மூன்று பிளக்குகளையும் கழற்றி, முன்கப்பியில் ஸ்பானர் போட்டு என்ஜினைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். பிளக் துவாரங்களால் வாவித் தண்ணீர் பீச்சியடித்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த றிஸ்வானின் முகத்தில் பட்டது. "உப்புப் பத்தாது டீச்சர்" என்று துடைத்துக்கொண்டான். அவனுக்கு அது வேண்டியதுதான். பிறகு சிலிண்டர்களைக் காற்றடித்து உலர்த்தி, கொஞ்சம் ஒயில் விட்டுச் சுற்றினேன். பால் கலந்த தேநீர்போல இருந்த பழைய ஒயிலை வடித்தேன். புது ஒயில், புது வடிகட்டி, மறுபடி வடித்து மறுபடி புதிது.

பிறகு அழுத்தம் பார்த்தேன். முதலாம், இரண்டாம் சிலிண்டர்களில் முள் ஒரே இடத்தில் நின்றது. மூன்றாவதில் கொஞ்சம் கீழே. கைநூல் அந்த வித்தியாசத்தை அனுமதிக்கிறது. பாஸும் பார்த்து, "எல்லைக்குள்ளதான்" என்றார். என்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். ஒரு தும்மல், கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். சீராக ஓடத் தொடங்கியது. மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு இயல்பாகவே ஒரு சின்ன நடுக்கம் உண்டு, அதற்கு மேல் எதுவும் இல்லை. பாஸ் தேநீர்க் கிளாசை வைத்தார். ஓரத்தில் மெல்லிய வளையம். எடுத்துக் குடித்தார். கேதீஸ் கைகூப்பாத குறை. பாஸ் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

எனக்கு மட்டும் மூன்றாவது சிலிண்டர் மனதைவிட்டுப் போகவில்லை. அழுத்தம் ஏன் குறைகிறது? காற்று எங்கேயாவது கசியவேண்டும். வளையத்தால் கசியும், அல்லது வால்வால் கசியும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கசிவுமானியையும் பூட்டி நான் பார்த்திருந்தேன். மூன்றிலும் மிகக் குறைவாகக் கசிந்தது அந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டையும்விட இறுக்கமான சிலிண்டர், மற்ற இரண்டையும்விடக் குறைந்த அழுத்தம். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க ஒரே வழிதான் உண்டு. காற்று தப்பவில்லை. பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறவில்லை.

துளசி ஏறுவதற்குக் கேதீஸ் கதவைத் திறந்துவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"பாஸ், இத வெளிய விட ஒண்ணாது."

"ஏன் தங்கச்சி?" என்றார் கேதீஸ். "ஓடுதுதானே? தேத்தண்ணிகூட ஆடேல்லை. நாளைக்கு விடிய நாங்கள் வெளிக்கிடோணும். காட்டுக்குள்ளால போற வழி, யானை நிக்கிற இடம். இடையில நிக்காம ஓடோணும்."

"அதுக்குத்தான் அண்ணன் சொல்றன். இது இடையில நிக்கும். நிண்டாலும் பரவாயில்ல, வளைஞ்ச ரொட் ஒண்டு வேகத்தில முறிஞ்சா என்ஜினத் துளைச்சிட்டு வெளிய வரும்."

"எந்த ரொட்? இவ்வளவு நேரமும் ஒருத்தரும் சொல்லேல்லையே?"

நான் சொன்னது பிழை என்றால், நன்றாக இருந்த என்ஜினைத் திறக்கவைத்தவள் ஆவேன். படித்த பெண்பிள்ளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று ஒரு பேச்சு ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதற்கு நானே கால் முளைக்கவைப்பேன். நான் சொன்னது சரியாக இருந்து நான் பேசாமல் நின்றால், அந்தப் பெண் அந்த இருக்கையில்தான் போகப்போகிறாள்.

கசிவையும் அழுத்தத்தையும் பாஸிடம் சொன்னேன். அவர் கிளாசின் அடியில் மிஞ்சிய தேநீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு கேதீஸிடம் கையை நீட்டினார்.

"தம்பி, சாவிய ஒருக்காத் தாங்க."

வாங்கினார். தன்னுடைய பொக்கற்றில் போடவில்லை. என் ஓவரோலின் மேல் பொக்கற்றில் போட்டு, அதன் மூடியைத் தட்டிவிட்டார்.

"இது உன்ட வாகனம். நீ சொல்லாம வெளிக்கிடாது. காட்டு."

ஒட்டுவேலைக்கு வைத்திருந்த நேரான பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்தேன். பித்தளை மென்மையானது, பிஸ்டனைக் கீறாது. மறுபடி பிளக்குகளைக் கழற்றினேன். ஒவ்வொரு சிலிண்டராகப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கம்பியை நேராக இறக்கி, பிளக் துவாரத்தின் விளிம்பு படும் இடத்தில் வாள் அலகால் ஒரு கோடு போட்டேன். முதலாவது. இரண்டாவது அதே கோட்டில் விழுந்தது. மூன்றாவதில் கம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கோடு மேலே ஏறி விழுந்தது. இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு நகத்தின் தடிப்பு.

பாஸ் கம்பியை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார், என் கோடுகள் அவர் கண்ணில் படாதபடி. மூன்று சிலிண்டரையும் தானே சுற்றித் தானே கோடு போட்டார். கம்பியை வெளிச்சத்தில் பிடித்தார். இந்த நுனியில் ஒரு நகத்தின் தடிப்பு. அந்த நுனியிலும் ஒரு நகத்தின் தடிப்பு.

"ம்" என்றார்.

கேதீஸுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "கொஞ்சம் முந்திச் சரி எண்டு சாவியைத் தந்தது நீங்கள்தானே அண்ணை?"

"ஓம் தம்பி. தந்தது என்ட பிழை. இது இந்தப் பிள்ள கண்டது."

பயிலுநர் காலம் தொடங்கி இன்றுவரை நான் எத்தனையோ பொறுப்பாளர்களைப் பார்த்துவிட்டேன். வாடிக்கையாளர் முன்னால், தன் கீழ் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குரல் ஏறாமல் இறங்காமல் இதைச் சொன்ன ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டு, அவர் துளசியின் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க அம்மாட வீட்ட போறதுக்கு நல்ல வேன் ஒண்டு நான் ஒழுங்கு பண்றன். ஓட்டுறவன் என்ட தம்பி முற. பாதை எண்டா என்னெண்டு அவனுக்குத் தெரியும்."

துளசி சிரித்துவிட்டார். அதன்பிறகு கேதீஸால் அதிகநேரம் கோபமாக இருக்க முடியவில்லை.

அவர்கள் வேனில் புறப்பட்டுப் போனபின் என்ஜினைத் திறந்தோம். மூன்றாவது சிலிண்டரின் சுவரில், மேல் விளிம்புக்குக் கீழே, மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு கறுத்த பட்டி. முன்பு பிஸ்டன் வளையம் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்த இடத்துக்கு இப்போது அது எட்டவில்லை. ரொட்டை வெளியே எடுத்துக் கண்ணாடித்தட்டில் படுக்கவைத்தபோது ஒரு பக்கம் தட்டியது, மறுபக்கம் கடதாசி நுழைந்தது. வெறுங்கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று பாஸிடம் கேட்டேன். "தெரியாது பிள்ள. வவுனியா வரைக்கும் போயும் இருக்கும். ஓட்டமாவடிப் பாலத்தோட நிண்டும் இருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. நானும் தெரிந்ததாகச் சொல்லப்போவதில்லை.

புது ரொட் வந்ததும் பாஸ் அதையும் பழைய இரண்டையும் துணியில் சுற்றி நகரத்திலிருந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனார். மூன்றும் ஒரே எடை இல்லாவிட்டால் என்ஜின் நடுங்கும். எங்கள் தராசு அதற்குக் காணாது. நகைக்கடைக்காரர் ஒயில் மணக்கும் உருக்குத்துண்டுகளைப் பஞ்சுத்தட்டில் வைத்து, முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுத்தாராம். புது ரொட்டில் கொஞ்சம் அராவினோம். தலைமூடியைப் பூட்டியது நான். அதன் போல்ற்றுகள் ஒருமுறை இழுபட்டால் திரும்பப் பாவிக்கக்கூடாது, புதிதே போடவேண்டும். நடுவிலிருந்து தொடங்கி வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, முதலில் இறுக்கத்தை அளக்கும் ஸ்பானரின் சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை, பிறகு சொன்ன கோணத்துக்கு இன்னொரு திருப்பு. அந்த நேரம் பாஸ் வானொலியை நிறுத்திவிடுவார். றிஸ்வான்கூட வாயைத் திறக்கமாட்டான். கராஜ் முழுவதும் அந்தச் சொடுக்கு மட்டும் கேட்கும். இனி நான் அதிகம் தேடப்போவது அந்த அமைதியைத்தான்.

கேதீஸ் வந்து வாகனத்தை எடுத்துப்போனார். வளைந்த ரொட்டையும் கேட்டு வாங்கிப்போனார். துளசி சொல்லி அனுப்பினாராம்.

பங்குனியில் அவர்கள் மூவராக வந்தார்கள். பெண்குழந்தை, தாயின் தோளில் நித்திரை. ஒயில் மாற்ற வந்ததாகக் கேதீஸ் சொன்னார். தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. முன்மூடியைத் திறந்து இயங்கவிட்டேன். பாஸ் கிளாசை வைத்தார். மூன்று சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. தேநீரில் மெல்லிய வளையம். பாஸ் கிளாசைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் எடுத்துக் குடித்தார்.

"அந்த ரொட்டை என்ன செய்தீங்க அக்கா?" என்று துளசியிடம் கேட்டேன்.

"வீட்டு அலுமாரியில இருக்கு. இவள் வளர்ந்தாப் பிறகு காட்டி, அப்பா பாதை பிடிச்ச கதையைச் சொல்லோணும்."

"ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு காலம் பேச்சு வாங்கிறது?" என்றார் கேதீஸ். அன்றைக்கு நிறைவேறாமல் போன அர்ச்சனைக்கு இப்போது கொக்கட்டிச்சோலைக்குப் போவதாகச் சொன்னார். என் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைப் பின் இருக்கையில் வசதியாக வைத்துவிட்டு, அவர் கண்ணாடியை இறக்கினார்.

"தங்கச்சி, பாதை ஓடுதோ?"

"ஓடுது அண்ணன். ஆனா நீங்க பாலத்தால போங்க."